அத்தை மைக்கை அணைத்துவிட்டுப் பேசுவது யாரிடம்

உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் உலகத்திலேயே அதிகம் பேரை ஓட வைத்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு என் அத்தைக்குத்தான். இரண்டாம் பரிசும் மூன்றாம் பரிசும் அவளுக்கே. படை திரட்டிய ராஜாக்கள் எல்லாம் ஆறுதல் பரிசை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கலாம். ராஜா கத்தினார், ஜனங்கள் ஓடினார்கள். அத்தை கத்துவதே இல்லை. "மலைப்பாதை வழியாகச் செல்லும் பேருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும்" என்று வாய்க்கு வலிக்காமல் சொல்வாள். டீயைப் பாதியில் கொட்டிவிட்டு ஓடுவார்கள். தூங்குகிற குழந்தையை மூட்டை மாதிரி அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். செருப்பு இங்கே நிற்கும், ஆள் பஸ்ஸில் இருப்பார்.

அத்தை எங்கள் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். குரலைத் தவிர வேறு எதையும் அவள் பெரிதாகப் பராமரிப்பதில்லை. வெந்நீர்க் குடுவை இல்லாமல் படி இறங்க மாட்டாள். வீட்டில் பேசினால் குரல் தேய்ந்துவிடும் என்பது போல இருப்பாள். பேசினாலும் வேலைப் பழக்கம் போகாது. "குளியலறை இப்போது காலியாக உள்ளது. வாலு உடனடியாகச் செல்லவும்" என்று கதவுக்கு வெளியே சத்தம் வரும்.

வாலு நான்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பதில் வீட்டில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. இப்போது நிலையத்துக்குள்ளேயே செல்போன் உறை விற்கிற கடையில் நிற்கிறேன். அதனால் வீட்டிலும் அத்தை குரல், வேலையிலும் அத்தை குரல். அவள் மாதிரியே பேச எனக்கு நன்றாக வரும். ஒரு முறை போனில் அவள் குரலில் பேசி அப்பாவை விறகு மாதிரி நிமிர்ந்து நிற்க வைத்திருக்கிறேன்.

கடைத்தெருவில் அவளோடு போனால் தமாஷாக இருக்கும். துணிக்கடையில் "இதுல கொஞ்சம் பெரிய சைஸ் இருக்கா?" என்று கேட்டாள். பின்னால் நின்றவர்கள் சட்டென்று பையைத் தூக்கிக்கொண்டார்கள். ஏன் தூக்கினோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

எங்கள் வீட்டில் அம்மா நாள் தவறாமல் கும்பிடுகிறவள். அப்பா எந்தச் சாமியோடும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாதவர். இரண்டு பேருமே அத்தையைத் தங்கள் பக்கம் இழுத்துப் பார்த்துச் சலித்துப் போனார்கள்.

"அண்ணி, ஒரே ஒரு தடவை என்கூட வாங்களேன். மனசுக்கு இதமா இருக்கும்" என்பாள் அம்மா.

"வர்றதுக்கு என்ன. அங்க வந்து யாரைப் பாக்கறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிப்பேன்."

"பாத்தியா, அக்கா நம்ம கட்சி" என்பார் அப்பா.

"உன் கட்சியும் இல்லடா. இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்ற நீ. அந்த அளவுக்கு எனக்குத் தெரியாது."

"அப்ப நீ எங்கதான்க்கா இருக்கே?"

"பஸ் ஸ்டாண்டுல" என்று சொல்லிவிட்டு வெந்நீர் குடிக்கப் போய்விடுவாள்.

ஒரு நாள் காலையில் அவள் குடுவையை மறந்துவிட்டுப் போனாள். கடை திறக்கப் போகிற வழியில் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். அவள் அறை, டைம் கீப்பர் அலுவலகத்தைத் தாண்டி, மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் இருக்கும். ஜன்னல் கிடையாது. வெளிச்சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று சுவர் முழுக்கப் பஞ்சு அட்டை ஒட்டியிருப்பார்கள். மின்விசிறி உண்டு, போடக்கூடாது. ஒரு மேஜை, ஒரு மைக், சுவரில் வண்டி நேரப் பட்டியல், வியர்வை துடைக்க ஒரு துண்டு. கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே அத்தை பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. மைக் அணைந்திருந்தது.

"வந்துட்டேன். கேக்குதா? கேக்கலைன்னாலும் பரவால்ல. நேத்து கிளம்பினவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. மலை வண்டி மட்டும் ரொம்ப லேட்டு, நடுவழில டயர் போயிடுச்சாம். ஆனா சேந்துடுச்சு. துறைமுகம் வண்டில ஒரு கர்ப்பிணிப் பொண்ணு போச்சு, நல்லபடியா இறங்கிடுச்சுன்னு கண்டக்டர் சொன்னாரு. இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. உனக்கும் தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன். நீ யாருன்னு எனக்குத் தெரியல. நீயா ஒரு நாள் சொல்லுற வரைக்கும் நானா ஒரு பேரு வைக்க மாட்டேன், அது மரியாதை இல்ல. சரி, வேலை இருக்கு. வச்சிடறேன்."

வச்சிடறேன். போனை வைப்பது போல.

அடுத்த நொடி சுவிட்சைத் தட்டி, தொண்டையைச் செருமாமல், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாள். நான் குடுவையை வாசலில் வைத்துவிட்டு நழுவினேன்.

அன்று முழுக்க எனக்குக் கடையில் கை ஓடவில்லை. சிவப்பு உறை கேட்டவருக்கு நீலத்தைக் கொடுத்தேன். யாரிடம் பேசுகிறாள்? பதில் வருகிறதா? வந்தால் எந்தக் காதில் வரும்? இதற்கு ஒரே வழி, பதில் கொடுத்துப் பார்ப்பதுதான் என்று முடிவு செய்தேன். மறுநாள் அவள் வருவதற்கு முன்பே போய் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை வந்தாள். துண்டை மடித்து வைத்தாள். "வந்துட்டேன். கேக்குதா?" என்றாள்.

"கேக்குது, சொல்லு" என்றேன், அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, சுவரெல்லாம் அதிரும்படி.

அத்தை பதறவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உன்னைக் கேக்கலடி. அங்க தூசி, இருமல் வரும். வெளிய வா" என்றாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அவ்வளவு சீக்கிரமா யாரும் பதில் சொன்னது இல்ல."

மேஜைக்கு அடியிலிருந்து வந்ததும் தலையில் ஒட்டடையோடு கேட்டேன். "அத்தை, நிஜமாச் சொல்லு. அங்க யாராவது இருக்காங்களா?"

அவள் பட்டியலில் நேரம் பார்த்தாள். முதல் அறிவிப்புக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

"இந்த ரூமுக்கு ஜன்னல் இருக்கா?"

"இல்ல."

"நான் பேசறதை யாரு கேக்கறாங்க, எவ்வளவு பேரு கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வேலைக்குச் சேந்ததுலேருந்து ஒருத்தராவது 'கேட்டேன்மா'ன்னு வந்து சொல்லியிருக்காங்களா?"

"திட்ட வந்திருக்காங்க."

"அதை விடு. ஆனா வண்டி நிறைஞ்சு போகுது. இல்லையா?"

எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது. ஆனால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "நீ சொல்லலைன்னாலும் ஏறுவாங்க. பஸ்ஸுக்கு முன்னாடி போர்டு இருக்கே."

அத்தை சிரித்துவிட்டாள். "அதையும் யோசிச்சேன். அதனாலதான் அடிச்சுச் சொல்றது இல்ல."

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கரண்ட் போய்விட்டதாம். இருட்டில் பயத்தைப் போக்கச் செத்த மைக்கில் சும்மா பேசிப் பார்த்தாளாம். "ரூம்ல யாரோ காது குடுக்கற மாதிரி இருந்துச்சுடி. சத்தம் ஒண்ணும் இல்ல. நீ பேசறப்ப எதிர்ல இருக்கறவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கேட்டா ஒரு மாதிரி இருக்குமில்ல, அது. அடுத்த நாளும் பேசினேன். பழகிடுச்சு."

"அப்ப ஏதாவது கேட்டு வாங்க வேண்டியதுதானே? எனக்கு ஒரு நல்ல போன் கேளு."

"கேக்கறது என் வேலை இல்ல. தகவல் சொல்றதுதான் என் வேலை. அவங்க அவங்க வண்டியை அவங்க அவங்க பிடிக்கணும்."

"உனக்குன்னுகூடக் கேட்டது இல்லையா?"

"இல்ல" என்றாள். "நீ போய்க் கடையைத் திற."

இதெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, புதுக் கருவி வருகிற வரைக்கும். பழைய மைக்கில் சுவிட்சை மேலே தள்ளினால் அணையும், கீழே தள்ளினால் பேசும். புதியதில் தலைகீழ். மாட்ட வந்த பையன் விளக்கிச் சொன்னான், அத்தையும் தலையாட்டினாள். தலை ஆடியதே தவிர, இத்தனை வருஷம் பழகிய விரலுக்கு அது போய்ச் சேரவில்லை.

மறுநாள் காலை நான் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். நிலையம் முழுக்க, எல்லாத் தூணிலும் இருக்கிற எல்லா ஸ்பீக்கரிலும், அத்தையின் குரல் வந்தது.

"வந்துட்டேன். கேக்குதா?"

கூட்டிக்கொண்டிருந்த துப்புரவு அக்கா துடைப்பத்தை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, "கேக்குதுக்கா" என்றார்.

ஷட்டரைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். டிரைவர்கள் படியிலிருந்து இறங்கி ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். நேற்று கிளம்பினவர்கள் போய்ச் சேர்ந்ததை அத்தை சொன்னபோது ஒரு கண்டக்டர் மெதுவாக விசில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். நீ யாருன்னு தெரியல என்றபோது யாரோ சிரித்தார்கள், பிறகு அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். வச்சிடறேன் என்றதும் சுவிட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் வேடிக்கை. அவளைப் பொறுத்தவரை மைக் இப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தது. மலை வண்டி, துறைமுக வண்டி, வடக்கு வண்டி என்று எல்லா அறிவிப்பையும் அழகாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு மனுஷனுக்கும் கேட்கவில்லை. யாருக்காவது கேட்டிருந்தால் அது அவள் தினமும் பேசுகிற அந்த ஆளுக்குத்தான் கேட்டிருக்க வேண்டும். டைம் கீப்பர் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சொல்வதற்குள் பாதி ஜனம் பாதி வண்டியில் மாறி ஏறிவிட்டது.

மாறி ஏறியவர்களில் ஒருவர் குடைக்காரர். மழை இல்லாவிட்டாலும் குடையோடுதான் வருவார், அதனால் அந்தப் பெயர். மலைக்குப் போக வேண்டியவர், துறைமுகத்தில் போய் இறங்கினார். மத்தியானமே திரும்பி வந்து புகார் கொடுத்தார். இன்னொரு புகார், தினமும் வடக்கு வண்டியில் போகிற டீச்சர் கொடுத்தது. குடைக்காரர் எல்லாச் சாமியிடமும் பயபக்தி உள்ளவர், கும்பிட்டது தப்பில்லை, பெயர் சொல்லாமல் கும்பிட்டது எந்த ஊர் வழக்கம் என்பது அவர் கேள்வி. பொது இடத்தில் எதற்குக் கும்பிட வேண்டும் என்பது டீச்சர் கேள்வி. இரண்டு பேரும் ஒன்று சேர்ந்தது ஒரே இடத்தில்தான். யாரைக் கும்பிட்டார் என்பது தெரிந்தாக வேண்டும்.

மேனேஜர் அத்தையைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷன், தலைவலி மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். விசாரணைக்கு முதல் நாளே அத்தையிடம் சொல்லிவிட்டார். மேலிடத்தில் பதிவு செய்த குரலைப் போடச் சொல்லி வெகு நாளாக நச்சரிக்கிறார்கள். இந்த விவகாரம் சுமுகமாக முடியாவிட்டால் மைக்குக்கு மெஷின் வந்துவிடும், அத்தை தொலைந்த பொருள் அறைக்குப் போக வேண்டியதுதான்.

அன்று வீட்டில் அத்தை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அதுவும் உக்காந்து செய்யற வேலைதானே அண்ணி. தொண்டைக்கு ரெஸ்ட்" என்று அம்மா தேற்றினாள்.

"அங்க மைக் இல்லையே" என்றாள் அத்தை.

"மைக் இல்லாமப் பேசேன். சாமிக்கு எதுக்கு மைக்?" என்றார் அப்பா. அவர் கேட்டதில் கிண்டல் இல்லை.

"நானும் பேசிப் பாத்திருக்கேன்டா. பஸ்ல, மொட்டை மாடில. அங்க எல்லாம் எனக்கு நானே பேசற மாதிரி இருக்கு. அந்த ரூம்லதான் இன்னொருத்தர் இருக்கற மாதிரி இருக்கு. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல." தட்டை நகர்த்தி வைத்தாள். "இத்தனை நாள் பேசிட்டுத் திடீர்னு ஒரு நாள் வராம இருந்தா என்ன நினைப்பாங்க?"

அம்மா அந்தத் தட்டைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

விசாரணை மேனேஜர் அறையில். எனக்கு அழைப்பு இல்லை. அதனால் கதவோரம் நின்றேன்.

"அக்கா, சுத்தி வளைக்க வேணாம்" என்றார் மேனேஜர். "ஏதாவது ஒரு பேரைச் சொல்லுங்க. சார் சமாதானம் ஆயிடுவாரு. டீச்சர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். முடிஞ்சுது."

"பேரு தெரியாது சார்."

"தெரிஞ்ச பேரு எத்தனையோ இருக்கே. ஒண்ணைச் சொல்லுங்க."

"அது பொய்யாயிடும்."

"சரி, அப்ப யாரையும் கும்பிடல, சும்மா மைக் டெஸ்ட் பண்ணேன்னு சொல்லுங்க" என்றார் டீச்சர். "அதைச் சொன்னா நான் ஒத்துக்கறேன்."

"அதுவும் பொய்தானேம்மா."

குடைக்காரர் குடையைத் தரையில் தட்டினார். "யாருன்னே தெரியாம எப்படிம்மா பேசறீங்க?"

"உங்ககிட்டயும் அப்படித்தான் சார் பேசறேன். இன்னைக்குத்தான் உங்க முகத்தைப் பாக்கறேன்."

மேனேஜர் மாத்திரையை எடுத்தார். "அக்கா, நான் உங்களைக் காப்பாத்தப் பாக்கறேன். நீங்க பிடி குடுக்க மாட்டேங்கறீங்க. அப்ப மேல எழுதிட வேண்டியதுதான்."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், அத்தை பேசவே இல்ல. அது நான். அத்தை குரல்ல விளையாட்டுக்குப் பேசினேன்."

மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் பெயர் அந்த நிலையத்தில் எந்த அளவுக்குக் கெட்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது, யாருமே சந்தேகப்படவில்லை. டீச்சர் மட்டும் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எங்க, பேசிக் காட்டு."

அத்தை இருந்த பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். மூச்சை இழுத்தேன். "வந்துட்டேன். கேக்குதா? கேக்கலைன்னாலும் பரவால்ல." அத்தையின் குரல்தான், இழுப்பும் நிறுத்தமும் உட்பட. டீச்சர் நாற்காலியைப் பின்னால் நகர்த்துகிற சத்தம் கேட்டது. கிளம்பினவர்களைச் சொன்னேன், போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன். "நீ யாருன்னு எனக்குத் தெரியல. நானா ஒரு பேரு வைக்க மாட்டேன். இவளை இங்கேயே விட்டுடு. வேற எங்கேயும் அனுப்பிடாதே. சரி, வேலை இருக்கு. வச்சிடறேன்."

திரும்பிப் பார்த்தபோது அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ சொல்றது பொய் சார்" என்றாள். "பேசினது நான்."

"அக்கா" என்று கெஞ்சினார் மேனேஜர்.

"சின்னப் பொண்ணு மேல பழியைப் போட்டு எனக்கு மைக் வேணாம்."

"பொய் சொல்றது அத்தைதான் சார்" என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். "பேசினது யாருன்னும் தெரியல. யார்கிட்டன்னும் தெரியல. தெரியாததை எல்லாம் நான் எப்படி மேல எழுதறது?"

குடைக்காரர் அவரைக் கவனிக்கவில்லை. அத்தையிடம் கேட்டார். "எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்கன்னு சொன்னீங்களே. அது தினமுமா?"

"தினமும் சார்."

"என்னையும் சேத்தா?"

"வண்டில இருந்தா உங்களையும் சேத்துதான்."

"அன்னைக்கு நான் தப்பான இடத்துல போய் இறங்கினேன்."

"தெரியும். அதையும் மறுநாள் சொல்லிட்டேன், குடை வச்சிருக்கறவர் மத்தியானம் திரும்பி வந்துட்டார்னு."

குடைக்காரர் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டார். தன்னைப் பொறுத்தவரை வண்டி அறிவிப்பு காதில் விழுந்தால் போதும் என்றார். தன்னைப் பொறுத்தவரை மற்றது காதில் விழாமல் இருந்தால் போதும் என்றார் டீச்சர். அந்தச் சுவிட்சைப் பழையபடி மாற்றி மாட்டினால் இரண்டுமே நடக்கும் என்று மேனேஜருக்குத் தோன்ற ஒரு நிமிடம் பிடித்தது. அத்தை அதே நாற்காலியில் தொடரலாம் என்று சொல்லிவிட்டு மாத்திரையைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தோம். அத்தை வேகமாக நடந்தாள், அடுத்த அறிவிப்புக்கு நேரமாகிவிட்டது. நான் கொஞ்சம் தோரணையோடு பின்னால் போனேன்.

"எப்படிப் பண்ணேன் பாத்தியா? டீச்சர் ஆடிப் போயிட்டாங்க."

"நல்லாப் பண்ணே. நான் மூச்சு விடற இடத்துல நீயும் விட்டே." அறைக் கதவில் கை வைத்தபடி நின்றாள். "நடுவுல ஒண்ணு மட்டும் என்னுது இல்ல."

"எது?"

"இவளை இங்கேயே விட்டுடுன்னு சொன்னியே. நான் யார்கிட்டயும் எதையும் கேட்டது இல்லையேடி."

"ஏதோ வாய்க்கு வந்தது. கடைக்கு நேரமாச்சு, நான் போறேன்."

"போ. ஆனா அப்ப உன் கண்ணு மூடியிருந்துச்சு" என்றாள் அத்தை. "அங்க கேட்டது யாரு?"